இரைப்பை மால்ட் லிம்போமா

இரைப்பை மால்ட் லிம்போமா என்பது இரைப்பையின் உட்புறச் சளிச்சவ்வில் தோன்றி மெதுவாக வளரும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் ஆகும். பி உயிரணுக்கள் எனப்படும் வெள்ளை அணுக்களிலிருந்து இது உருவாகிறது. ஹாட்ச்கின் அல்லாத நிணநீர்ப் புற்றுநோய்களில் மால்ட் வகை ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு மட்டுமே. மால்ட் வகை பல உறுப்புகளில் தோன்றக்கூடும் என்றாலும், மிகுதியாகக் காணப்படும் இடம் இரைப்பையே.

இந்நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவின் தொற்று இருக்கும். நோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போது இத்தொற்றை நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளால் நீக்கினால், அறுவையோ கதிர்வீச்சோ வேதிச்சிகிச்சையோ இன்றியே நான்கில் மூன்று பேருக்கு மேல் புற்றுநோய் மறைந்துவிடுகிறது. தொற்றை நீக்குவதால் புற்றுநோய் பின்வாங்கும் என்பதைத் தெளிவாகக் காட்டிய முதல் நோய்களுள் ஒன்று என்ற வகையில், இது மருத்துவ வரலாற்றில் தனியிடம் பெற்றுள்ளது.

பெயர்

சளிச்சவ்வைச் சார்ந்த நிணநீர்த் திசு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த சொல்லே மால்ட் என்பது. குடல், சுவாசக்குழாய் முதலியவற்றின் சளிச்சவ்வை ஒட்டி நோயெதிர்ப்புத் திசு இயல்பாகவே அமைந்துள்ளது. உணவுடனும் காற்றுடனும் உள்ளே வரும் நுண்ணுயிர்களை அது எதிர்கொள்கிறது. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் இந்நோய், நிணநீர்க்கணுக்களுக்கு வெளியே தோன்றும் விளிம்பு மண்டல லிம்போமா என்னும் பிரிவில் இடம்பெறுகிறது.

வரலாறு

1983 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் பணியாற்றிய நோயியலாளர்கள் பீட்டர் ஐசக்சன், டெனிசு ரைட் ஆகியோர் இவ்வகைக் கட்டிகளைத் தனி நோயாக விவரித்தனர். இவை நிணநீர்க்கணுவை ஒத்திராமல், குடலை ஒட்டியுள்ள நோயெதிர்ப்புத் திசுவை ஒத்திருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர். இதில் ஒரு புதிரும் இருந்தது. நலமான இரைப்பையில் இத்தகைய நிணநீர்த் திசு இல்லை. அவ்வாறெனில், இல்லாத திசுவிலிருந்து புற்றுநோய் எவ்வாறு தோன்றியது?

இதற்கான விடை வேறொரு நாட்டிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகிய இருவரும் 1982 இல் இரைப்பையிலிருந்து சுருள்வடிவ பாக்டீரியா ஒன்றை வளர்த்தெடுத்தனர். இரைப்பை அழற்சிக்கும் புண்ணுக்கும் அதுவே காரணம் என்று வாதிட்டனர். அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்த நுண்ணுயிரும் நிலைத்து வாழாது என்ற கருத்து அப்போது வலுவாக இருந்தது. இக்கண்டுபிடிப்புக்காக இருவரும் 2005 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

ஹெலிக்கோபாக்டர் தொற்று ஏற்பட்ட இரைப்பையில், முன்பு இல்லாத நிணநீர்த் திசு புதிதாகத் திரள்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. 1991 இல் ஆண்ட்ரூ வாதர்ஸ்பூன், ஐசக்சன் ஆகியோரின் குழு, இரைப்பை மால்ட் லிம்போமா உடையவர்களுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் இப்பாக்டீரியா இருப்பதை வெளியிட்டது. தொற்று மிகுந்திருந்த வட இத்தாலியின் ஃபெல்ட்ரே பகுதியில் இரைப்பை லிம்போமாவும் பிரித்தானியாவை விடப் பல மடங்கு மிகுந்திருப்பதை 1992 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

1993 இல் இதே குழு அடுத்த படியை எடுத்து வைத்தது. ஆரம்ப நிலை நோயாளிகள் ஆறு பேருக்குத் தொற்று நீக்கும் மருந்துகள் மட்டுமே அளிக்கப்பட்டன. அவர்களுள் ஐவரிடம் லிம்போமா பின்வாங்கியது. ஆறு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கையே. ஆயினும் அதுவரை இரைப்பையை வெட்டி நீக்குவதே வழக்கமாக இருந்த நோய்க்கு, மாத்திரைகள் போதுமானவையாகலாம் என்ற செய்தி சிகிச்சையின் போக்கையே மாற்றியது. பின்னர் ஐரோப்பாவிலும் சப்பானிலும் நடந்த பெரிய ஆய்வுகள் இம்முடிவை உறுதிப்படுத்தின. 1994 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இப்பாக்டீரியாவை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

நோய் உருவாகும் விதம்

ஹெலிக்கோபாக்டர் தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் ஏற்பட்டு, சிகிச்சை அளிக்கப்படாவிட்டால் பல பத்தாண்டுகள் நீடிக்கிறது. இத்தொற்றை எதிர்த்து டி உயிரணுக்களும் பி உயிரணுக்களும் இரைப்பைச் சுவரில் திரள்கின்றன. தொற்று நீங்காததால் இந்தப் போராட்டமும் ஓய்வதில்லை. ஓயாது பெருகும் பி உயிரணுக்களுள் ஒன்றில் மரபணுப் பிழை ஏற்படும்போது, அதன் வழித்தோன்றல்கள் மற்றவற்றை விஞ்சிப் பெருகிக் கட்டியாகின்றன.

இந்நோயின் ஆரம்ப நிலையில் காணப்படும் சிறப்புத் தன்மை, கட்டியின் வளர்ச்சி தொற்றைச் சார்ந்திருப்பதாகும். 1993 இல் வெளியான ஆய்வக ஆய்வு ஒன்றில், நோயாளிகளின் கட்டி உயிரணுக்கள் குறிப்பிட்ட ஹெலிக்கோபாக்டர் திரிபுகளுடன் சேர்த்து வளர்க்கப்பட்டபோது பெருகின. உடனிருந்த டி உயிரணுக்களை நீக்கியதும் அப்பெருக்கம் நின்றுபோயிற்று. அதாவது பாக்டீரியாவை அடையாளம் காண்பவை டி உயிரணுக்கள். அவை அனுப்பும் தூண்டுதலால் வாழ்பவை கட்டி உயிரணுக்கள். பாக்டீரியாவை அகற்றினால் தூண்டுதல் நிற்கிறது, கட்டி தேய்கிறது.

எனினும் எல்லாக் கட்டிகளும் இவ்வாறு பிறரைச் சார்ந்து நிற்பதில்லை. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இரைப்பைக் கட்டிகளில் 11 ஆம் நிறப்புரியும் 18 ஆம் நிறப்புரியும் உடைந்து, தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். இதனால் இரு மரபணுக்கள் இணைந்து ஒரு கலப்புப் புரதம் உருவாகிறது. அவ்விரண்டில் ஒன்று இந்நோயின் பெயராலேயே மால்ட்1 எனப்படுகிறது. இப்புரதம் உயிரணுவுக்குள் பெருக்கத்துக்கான சமிக்ஞையை இடைவிடாது எழுப்புகிறது. வெளித் தூண்டுதல் இனித் தேவையில்லை என்பதால், இவ்வகைக் கட்டிகள் பாக்டீரியா நீங்கிய பின்னும் பெரும்பாலும் மறைவதில்லை. இக்கட்டிகள் வேகமாக வளரும் வகையாக மாறுவதும் அரிது.

உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இத்தொற்று உள்ளதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் மிகச் சிலருக்கே லிம்போமா ஏற்படுகிறது. எனவே தொற்று இருப்பது கண்டறியப்பட்டால் புற்றுநோய் வந்துவிடும் என்று அஞ்சுவதற்கு இடமில்லை.

நோய்க்குறிகள்

நோய்க்குறிகள் பொதுவானவை, இந்நோய்க்கே உரிய தனி அறிகுறி எதுவும் இல்லை. மேல் வயிற்று வலி, செரிமானக் கோளாறு, குமட்டல், சிறிது உண்டதும் வயிறு நிறைந்த உணர்வு ஆகியவை காணப்படலாம். சிலருக்கு இரைப்பையில் குருதி கசிந்து, மலம் கருநிறமாகலாம், இரத்தசோகையும் ஏற்படலாம். பிற நிணநீர்ப் புற்றுநோய்களில் காணப்படும் காய்ச்சல், இரவு வியர்வை ஆகியவை இதில் அரிது. இதனால் பலர் நீண்ட காலம் சாதாரண வயிற்றுப் புண் என்றே கருதி அமில எதிர்ப்பு மருந்துகளை உண்டு வருவர்.

நோயறிதல்

எண்டோஸ்கோப்பி எனப்படும் அகநோக்கிச் சோதனையின்போது சளிச்சவ்வு சிவந்தோ, தடித்தோ, சிறு புண்களுடனோ தோன்றலாம். இத்தோற்றம் இரைப்பை அழற்சியை ஒத்திருப்பதால், கண்ணால் பார்த்து மட்டும் நோயை உறுதிப்படுத்த இயலாது. இரைப்பையின் பல பகுதிகளிலிருந்தும் பல திசு மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. நுண்ணோக்கியில் காணும்போது, கட்டி உயிரணுக்கள் இரைப்பைச் சுரப்பிகளுக்குள் ஊடுருவி அவற்றைச் சிதைத்திருப்பது முக்கியமான அடையாளமாகும். அழற்சிக்கும் லிம்போமாவுக்கும் இடையிலான படிநிலைகளை 0 முதல் 5 வரை மதிப்பிடும் முறை வாதர்ஸ்பூன் அளவீடு எனப்படுகிறது.

நோய் உறுதியானதும் அடுத்துப் பல வினாக்களுக்கு விடை தேடப்படுகிறது:

- ஹெலிக்கோபாக்டர் தொற்று உள்ளதா? திசு மாதிரி, யூரியா மூச்சுச் சோதனை, மலச் சோதனை ஆகியவை இதற்கு உதவும். ஒரு சோதனையில் தென்படாவிட்டால் வேறு முறையிலும் சோதிக்கப்படுகிறது.
- கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது? அகநோக்கியுடன் இணைந்த மீயொலிக் கருவி இதைக் காட்டுகிறது.
- நோய் பிற இடங்களுக்குப் பரவியுள்ளதா? கணித்த குறுக்குவெட்டு வரைவி எனப்படும் சிடி ஸ்கேன், தேவைப்பட்டால் எலும்பு மச்சைச் சோதனை ஆகியவை செய்யப்படுகின்றன.
- நிறப்புரி இடமாற்றம் உள்ளதா? இது சிகிச்சையின் பலனை முன்கூட்டியே ஓரளவு உணர்த்தும்.
- பெரிய உயிரணு லிம்போமாவாக மாறிய பகுதி ஏதேனும் உள்ளதா? இருப்பின் அது வேறு நோயாகக் கருதப்பட்டு, வேறு சிகிச்சை பெறும்.

சோதனைக்கு முன்னரே அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துகளையோ நுண்ணுயிர் எதிர்ப்பிகளையோ உண்டிருந்தால் பாக்டீரியாவின் எண்ணிக்கை தாழ்ந்து, தொற்று இல்லை என்ற தவறான முடிவு கிடைக்கலாம். இரைப்பைக் கோளாறுகளுக்கு மருத்துவர் அறிவுரையின்றி மருந்து உண்பதிலுள்ள தீமைகளுள் இதுவும் ஒன்றாகும்.

நோயின் நிலைகள்

பெரும்பாலும் பயன்பாட்டிலுள்ளது 1994 இல் வெளியான லுகானோ நிலைப்படுத்தல் முறையாகும். அதன் சுருக்கம் வருமாறு:

- முதலாம் நிலை: நோய் இரைப்பைச் சுவருக்குள் அடங்கியுள்ளது.
- இரண்டாம் நிலை: வயிற்றறையிலுள்ள நிணநீர்க்கணுக்களுக்குப் பரவியுள்ளது. அருகிலுள்ள கணுக்கள், தொலைவிலுள்ள கணுக்கள் என இது இரண்டாகப் பகுக்கப்படும். சுவரைத் துளைத்து அடுத்த உறுப்பை எட்டிய நோயும் இந்நிலையின் உட்பிரிவாகக் குறிக்கப்படும்.
- நான்காம் நிலை: தொலைவிலுள்ள பிற உறுப்புகளுக்கோ, உதரவிதானத்துக்கு மேலுள்ள கணுக்களுக்கோ பரவியுள்ளது.

இம்முறையில் மூன்றாம் நிலை என்று ஒன்று இல்லை. ஆரம்ப நிலை என்பது பொதுவாக முதலாம் நிலையையும், அருகிலுள்ள கணுக்கள் மட்டும் பாதிக்கப்பட்ட இரண்டாம் நிலையின் முற்பகுதியையும் குறிக்கும். பெரும்பாலான நோயாளிகள் முதலாம் நிலையிலேயே கண்டறியப்படுகின்றனர்.

ஆரம்ப நிலையில் சிகிச்சை

தொற்று நீக்கம்

தொற்று உள்ள ஆரம்ப நிலை நோயாளிகளுக்கு முதற்சிகிச்சை ஹெலிக்கோபாக்டரை நீக்குவதே. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்து ஒன்றுடன் குறைந்தது இரண்டு நுண்ணுயிர் எதிர்ப்பிகள் சேர்த்துத் தரப்படுகின்றன. அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல், டெட்ராசைக்கிளின் ஆகியவை இவற்றுள் அடங்கும். பல இடங்களில் பிஸ்மத் உப்பும் சேர்க்கப்படுகிறது. பொதுவான சிகிச்சைக் காலம் 10 முதல் 14 நாட்கள். கிளாரித்ரோமைசினை எதிர்த்து நிற்கும் பாக்டீரியாக்கள் பெருகியுள்ளதால், எந்த மருந்துத் தொகுப்பு என்பது அந்தந்த நாட்டின் நிலையைப் பொறுத்து முடிவு செய்யப்படுகிறது.

மருந்து முடிந்த பின் தொற்று உண்மையிலேயே நீங்கிவிட்டதா என்று உறுதி செய்வது இன்றியமையாதது. சில வாரங்கள் கழித்து யூரியா மூச்சுச் சோதனை செய்யப்படுகிறது. ஹெலிக்கோபாக்டர் யூரியாவைச் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். எனவே அடையாளமிட்ட கார்பன் அடங்கிய யூரியாவை நோயாளி அருந்திய பின் அவரது மூச்சுக்காற்றைச் சோதித்தால், பாக்டீரியா எஞ்சியுள்ளதா எனத் தெரியும். இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகள் தொற்று நீங்கிய பின்னும் நெடுநாள் நீடிக்குமாதலால், இரத்தச் சோதனை இதற்குப் பயன்படாது. தொற்று எஞ்சியிருந்தால் வேறு மருந்துத் தொகுப்பு தரப்படும்.

காத்திருத்தல்

பாக்டீரியா இரண்டு வாரங்களில் அழிந்தாலும் கட்டி அவ்வளவு விரைவில் மறைவதில்லை. சிலருக்கு ஓரிரு மாதங்களில் மறைகிறது. சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. எனவே நோய் வளராமலும் நோய்க்குறிகள் மோசமாகாமலும் இருக்கும் வரை, குறைந்தது 12 மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல்களின் அறிவுரை. சளிச்சவ்வு இயல்பாகி, நுண்ணோக்கியில் மட்டும் சிறிதளவு கட்டி உயிரணுக்கள் எஞ்சியிருப்போரும் பல ஆண்டுகள் வேறு சிகிச்சையின்றியே நலமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் இக்காத்திருப்பு கடினமானது. உடனே வலிமையான சிகிச்சை அளிக்காமல் காலம் கடத்தப்படுகிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் இங்குக் காத்திருத்தல் என்பது கைவிடுதல் அன்று. குறித்த இடைவெளிகளில் அகநோக்கிச் சோதனையும் திசுச் சோதனையும் தொடர்கின்றன. நோய் மெதுவாக வளர்வதால், தேவைப்படும்போது அடுத்த சிகிச்சையைத் தொடங்கப் போதிய காலம் உள்ளது. அவசரப்பட்டு அளிக்கும் கடுமையான சிகிச்சையின் தீமைகளோ உறுதியானவை.

கதிர்வீச்சுச் சிகிச்சை

தொற்று நீங்கியும் லிம்போமா மறையாதவர்களுக்கும், தொற்றே இல்லாதவர்களுள் பலருக்கும் கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. இந்நோய் கதிர்வீச்சுக்கு எளிதில் பணியும். 24 முதல் 30 கிரே வரையிலான குறைந்த அளவு, மூன்று அல்லது நான்கு வாரங்களில் பகுத்துத் தரப்படுகிறது. 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு நோய் முழுமையாக மறைகிறது. இரைப்பைக்கு அருகிலுள்ள சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றின் மீது கதிர் மிகுதியாகப் படாதவாறு திட்டமிடுவது இச்சிகிச்சையில் முக்கியமாகும்.

தொற்று தென்படாத நோயாளிகளுள்ளும் சிலர் நுண்ணுயிர் எதிர்ப்பிகளால் பலன் பெறுவதுண்டு. ஆகவே அவர்களுக்கும் முதலில் இம்மருந்துகளை அளித்துப் பார்ப்பது பல மருத்துவர்களின் வழக்கமாக உள்ளது.

மருந்துச் சிகிச்சை

கதிர்வீச்சு பொருந்தாதபோதும் நோய் பரவியிருக்கும்போதும் ரிட்டுக்சிமாப் என்னும் பிறபொருளெதிரி மருந்து பயன்படுகிறது. இது தனித்தோ குளோராம்புசில், பெண்டாமஸ்டின் போன்ற வேதிமருந்துகளுடன் சேர்த்தோ தரப்படும். பல உறுப்புகளின் மால்ட் லிம்போமாவுக்கும் பொதுவாக நடந்த ஒரு பன்னாட்டுச் சோதனையின் முடிவுகள் 2013 இலும் 2017 இலும் வெளிவந்தன. ரிட்டுக்சிமாப், குளோராம்புசில் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு, ஒன்றை மட்டும் பெற்றவர்களை விட நோய் நீண்ட காலம் கட்டுப்பட்டிருந்தது. ஆனால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு எல்லாக் குழுக்களிலும் ஏறத்தாழ 90 விழுக்காடாகவே இருந்தது.

அறுவைச் சிகிச்சை

1990கள் வரை இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ நீக்குவது வழக்கமாக இருந்தது. இரைப்பையை இழந்தவர்களுக்கு எடைக்குறைவு, உணவு விரைந்து குடலில் இறங்குவதால் வரும் மயக்கமும் படபடப்பும், வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவை வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். இரைப்பையைக் காக்கும் சிகிச்சைகளை விட அறுவையால் உயிர்வாழ்வு கூடவில்லை என்பது தெளிவானதும் இவ்வழக்கம் மறைந்தது. இப்போது கட்டுப்படாத குருதிப்போக்கு, இரைப்பையில் துளை விழுதல் போன்ற நிலைகளில் மட்டுமே அறுவை தேவைப்படுகிறது.

உயிர்வாழ்வு

ஆரம்ப நிலை இரைப்பை மால்ட் லிம்போமாவின் முன்கணிப்பு மிக நன்று. 2012 இல் வெளியான சப்பானிய ஆய்வொன்று 21 மருத்துவ நிறுவனங்களில் தொற்று நீக்கச் சிகிச்சை பெற்ற 420 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களுள் 323 பேருக்கு, அதாவது 77 விழுக்காட்டினருக்கு, இச்சிகிச்சை பலனளித்தது. இவர்களுள் 10 பேருக்கு மட்டுமே நோய் மீண்டும் தோன்றியது. மொத்த நோயாளிகளின் பத்தாண்டு உயிர்வாழ்வு 95 விழுக்காடு.

இவ்வெண்களைப் படிக்கும்போது சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, மொத்த உயிர்வாழ்வு என்ற கணக்கில் எக்காரணத்தாலும் நேர்ந்த இறப்புகள் அனைத்தும் அடங்கும். இந்நோயாளிகள் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களாதலால், இதயநோய் முதலிய பிற காரணங்களால் நேரும் இறப்புகளும் இக்கணக்கில் சேர்கின்றன.

இரண்டாவது, தொற்று நீக்கம் பலனளிக்காத 23 விழுக்காட்டினரின் நிலையும் நம்பிக்கையற்றதன்று. அவர்கள் கதிர்வீச்சு முதலிய அடுத்த சிகிச்சைக்குச் செல்கின்றனர். மேற்கண்ட 95 விழுக்காடு அவர்களையும் உள்ளடக்கியதே. முதற்சிகிச்சையின் தோல்வி வேறு. நோயாளி உயிர்பிழைக்காமை வேறு.

மூன்றாவது, இவ்வெண்கள் ஆரம்ப நிலைக்கும் மெதுவாக வளரும் வகைக்கும் மட்டுமே பொருந்தும். பரவிய நோய்க்கும், பெரிய உயிரணு லிம்போமாவாக மாறிய நோய்க்கும் இவற்றைக் கொண்டு செல்லுதல் தவறாகும். பெரிய உயிரணு வகை விரைந்து வளர்வது. அதற்குப் பொதுவாக ரிட்டுக்சிமாபுடன் கூடிய பலமருந்து வேதிச்சிகிச்சை தேவைப்படும்.

எந்தச் சிகிச்சையைப் பெற்றாலும் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்கின்றனர் என்பதால், இந்நோயில் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலும் மாறுகிறது. எது நோயைக் கூடிய விரைவில் ஒழிக்கும் என்பதைவிட, எது நோயாளிக்குக் குறைந்த இழப்புடன் அதே வாழ்நாளைத் தரும் என்பதே முதன்மையான வினாவாகிறது.

தொடர் கண்காணிப்பு

நோய் மறைந்த பின்னும் கண்காணிப்பு பல ஆண்டுகள் தொடர வேண்டும். இதற்குக் காரணங்கள் இரண்டு. லிம்போமா சிலரிடம் மீண்டும் தோன்றலாம். அது மறுதொற்றின் விளைவாகவும் இருக்கலாம். மேலும், நெடுநாள் அழற்சிக்கு உள்ளான இரைப்பையில் சுரப்பிகளிலிருந்து தோன்றும் சாதாரண இரைப்பைப் புற்றுநோய்க்கான இடரும் பொதுமக்களை விட இவர்களுக்கு மிகுதி. லிம்போமாவிலிருந்து மீண்ட ஒருவர் இவ்விரண்டாவது நோயைக் கவனியாது விட்டுவிடக்கூடாது என்பதாலேயே அகநோக்கிச் சோதனைகள் தொடர்கின்றன.

நோய் மறைந்தவர்களுள் பலரிடம், நுண்ணோக்கியில் எதுவும் தென்படாதபோதும், மூலக்கூற்றுச் சோதனையில் பழைய கட்டி உயிரணுக்களின் மரபணுச் சுவடு நெடுநாள் காணப்படுவதுண்டு. இச்சுவடு மட்டுமே இருப்பது மீண்டும் சிகிச்சை அளிப்பதற்குக் காரணமாகக் கொள்ளப்படுவதில்லை.

பிற உறுப்புகளில் மால்ட் லிம்போமா

நீடித்த தூண்டுதலிலிருந்து லிம்போமா தோன்றும் இதே முறை வேறு உறுப்புகளிலும் காணப்படுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியில் சோக்ரன் நோய்க்குறித்தொகுப்பும், தைராய்டுச் சுரப்பியில் ஹாஷிமோட்டோ அழற்சியும் இதற்கு அடித்தளமாகின்றன. இவ்விரண்டும் உடல் தன்னையே எதிர்க்கும் தன்னெதிர்ப்பு நோய்கள். கண்ணைச் சூழ்ந்த திசுக்களில் தோன்றும் வகை சில நாடுகளில் கிளமிடியா சிட்டசி என்னும் பாக்டீரியாவுடன் தொடர்புபடுத்தப்பட்டுள்ளது. அங்கு டாக்சிசைக்கிளின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பியால் ஒரு பகுதி நோயாளிகள் பலன் பெற்றுள்ளனர். ஆயினும் தொற்றுக்கும் நோய்க்குமான தொடர்பு இரைப்பையில் உறுதிப்பட்ட அளவுக்கு வேறெந்த உறுப்பிலும் உறுதிப்படவில்லை.